கும்பகோணத்தில் ஜி6பிடி பரிசோதனை: ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் குறித்து

மங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்றிருந்த என் தம்பி காய்ச்சலோடு ஊர் திரும்பியபோது, அது விவாக்ஸ் வகை மலேரியா என்று உறுதியாயிற்று. கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் கிருமிகளை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தேவை என்றும், அந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடாதிருக்க, அவற்றைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதியின் அளவை அதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், கும்பகோணத்தில் உள்ள ஒரு நிலையத்தை நாடினோம்.

முகப்பில் இருந்தவர் எழுதிக் கொடுக்காத பரிசோதனைகளையும் சேர்த்து ஒரு 'காய்ச்சல் பேக்கேஜ்' எடுக்கச் சொல்லி வற்புறுத்தியது முறையன்று. ஆனால் ரத்தம் எடுத்த பெண்மணியின் பணி மிகச் சிறப்பானது. அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டதா, சிறுநீர் கறுத்துப் போனதா என்று அவர் முதலில் கேட்டார். ஏற்றிய ரத்தத்தின் அணுக்கள் அளவை மாற்றிவிடும்; சிறுநீர் கறுப்பது சிவப்பணுச் சிதைவின் அறிகுறி. சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்த பின் மிஞ்சுபவை நொதி மிகுந்த இளம் அணுக்களே என்பதால், குறைபாடு உள்ளவருக்கும் அளவு இயல்பாக இருப்பதுபோல் காட்டிவிடும். அந்த முடிவை நம்பி மாத்திரை கொடுத்தால் ரத்தம் மேலும் சிதையும். இக்கேள்விகளைக் கேட்கும் நிலையத்தை நான் நம்புவேன்.

பெற்றோர் வழி வரும் மரபணு மலேரியாவின் கடுமையையே மாற்றக்கூடியது என்பதை எண்ணினால் இச்சோதனையின் அருமை விளங்கும். தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடுகள் மலேரியா மிகுந்த நாடுகளில் நீடிப்பதற்கு அவை தரும் பாதுகாப்பே காரணமாகலாம் என்று மரபியல் அறிஞர் ஹால்டேன் 1949-இல் கூறினார். சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் 'அரிவாள் அணு' மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அத்தகைய பாதுகாப்பு உண்டு என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து 1954-இல் மருத்துவ ஆய்வாளர் ஆலிசன் காட்டினார். அவர்களுக்கு, உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை மலேரியா கடுமையாகும் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைவு. ஜி6பிடி குறைபாடும் ஓரளவு காக்கும் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆயினும் பிரைமாகுயின் முன் அதுவே ஆபத்தாகிவிடுகிறது.

அறிக்கையில் வெறுமனே 'இயல்பு' என்று எழுதாமல், ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு எத்தனை அலகு என்ற அளவையும் இயல்பு வரம்பையும் தந்திருந்தார்கள். தம்பியின் அளவு அவ்வரம்புக்குள் இருந்ததால் மாத்திரை தொடங்கப்பட்டது. குறைபாட்டு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண்களிடம் முடிவு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இரண்டு எக்ஸ் உள்ள பெண்களிடம், ஒன்றில் மட்டும் குறைபாடு இருந்தால் இடைப்பட்ட அளவும் வரலாம். அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி கூட இல்லாதது குறையே. நாற்று நடவுக்கு வெளியூர் செல்லும் பெண்களும் இங்கு வருகிறார்கள். அவர்களுக்காக அந்த விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும் என்று நிலையத்தாரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.