கட்டடம் இடிக்கும் மேஸ்திரி, பழைய வண்ணாரப்பேட்டை: ஐந்துக்கு நாலு

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆள் தேடுகிறவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். மரம் நிறைய உள்ள பழைய கட்டடம் என்றால் இடிப்பதற்கு நாம் காசு கொடுப்பதில்லை, இடிக்கிறவர்தான் நமக்குக் கொடுப்பார். தேக்கு, கதவு, ஜன்னல், இரும்பு, கடப்பாக்கல், உடையாத செங்கல் எல்லாம் அவருக்கு. காலி மனை நமக்கு.

எங்கள் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்துக்கு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கிடங்கு இருந்தது. ஒரு காலத்தில் பருப்பு மூட்டை அடுக்கிய இடம். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்து, மாடியில் அரசமரம் வேர் பிடித்துவிட்டது. 2019இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்த பிறகு, விற்கிறீர்களா என்று கேட்டு ஆள் வராத மாதமே இல்லை. ஆனால் எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மீதி ஆட்டோ, தள்ளுவண்டி. பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று ஊருக்கு அந்தக் கோடியில் வீடு கிடைத்தால் பிழைப்பு போய்விடும் என்பதைச் சொந்தக்காரர்களிடம் பார்த்தவர்கள். அதனால் விற்பதில்லை, இடித்துவிட்டுச் சின்னச் சின்ன வீடாகக் கட்டுவது என்று தீர்மானம். 2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நலிந்த பிரிவினருக்கு வைத்த 30 சதுர மீட்டர் அளவையே நாங்களும் வைத்துக்கொண்டோம். நான் பொருளாளர், ஆகவே ஆள் பிடிக்கும் வேலை என் தலையில்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஆறு லட்சம் தருகிறேன் என்றார். அடுத்தவர் நாலே முக்கால். மேஸ்திரி மூன்றரைக்கு மேல் ஒரு பைசா ஏறவில்லை. (குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். அவருக்கு போர்டும் கிடையாது.) மூன்றரைக்காரரைச் சிபாரிசு செய்ததற்குக் கூட்டத்தில் நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. இரண்டரை லட்சம் என்பது எங்கள் சங்கத்துக்குச் சின்னக் காசா?

ஆனால் ஆறு லட்சக்காரர் தரைமட்டம் வரைதான் இடிப்பார். அடியில் கிடக்கும் கருங்கல் கடைக்கால் நம் பாடு. ரப்பிஷ் எடுப்பதும் பாதி நம் பாடு. பக்கத்து வீட்டுச் சுவரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார். அந்த பதிலுக்குத்தான் நான் பயந்தேன்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை கொட்டி அடித்து, தட்டோடு என்ற தட்டையான ஓடு பதித்த தளம். இடிக்கிறவருக்கு லாபம் முழுக்க அந்தத் தேக்கில் இருக்கிறது. அவசரக்காரர்கள் முதலில் கட்டையை உருவத்தான் பார்ப்பார்கள். உருவினால் தளம் மொத்தமாக இறங்கும், சுவருக்கும் பிடிமானம் போய்விடும். மேஸ்திரியின் ஆட்கள் முதலில் தட்டோட்டைப் பெயர்த்தார்கள், அப்புறம் காரையைப் பட்டை பட்டையாகக் கொத்தி இறக்கினார்கள், கட்டை கடைசியில்தான். மேலிருந்து தளம் தளமாக இறங்கிவர வேண்டும் என்றுதான் இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 4130இலும் இருக்கிறது. மேஸ்திரி அதைப் படித்திருக்க மாட்டார். அவர் அப்பாவுக்கும் இதே தொழில்.

அவருக்கு நாலு கொடுக்கக் காரணம், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த அந்தப் பொதுச் சுவர். ஜேசிபியை அந்தப் பக்கம் விடவே இல்லை, உளியும் சுத்தியலும்தான். கட்டை நுழைந்திருந்த ஒவ்வொரு பொந்தையும் செங்கல் வைத்து அடைத்து, அன்றைக்கே பூசினார்கள். பக்கத்து வீட்டு அம்மா மாடியில் நின்றுகொண்டு, "தம்பி, என் பூஜை ரூம் அந்தச் சுவத்துலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "தெரியும்மா, சாமி படம் ஆடுச்சுன்னா கூப்பிடுங்க" என்பார் மேஸ்திரி, தலை நிமிராமல்.

இடிபாடு விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் ஆண்டு விதிப்படி, ஒரே வேலையில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் இடிபாடு வந்தால் கான்கிரீட், மரம், இரும்பு, செங்கல் என்று பிரித்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. எங்களுடையது அதைத் தாண்டும். மரத்தையும் இரும்பையும் அவரே பிரித்துவிடுவார், அது காசு. மிச்சத்தை எங்கே கொட்டுகிறார் என்பதுதான் கேள்வி. கொடுங்கையூரில் மாநகராட்சியின் இடிபாடு மறுசுழற்சி ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, எடை ரசீது கொண்டுவந்தால்தான் அடுத்த லோடு என்றேன். இரண்டு நாள் முறைத்தார், அப்புறம் ரசீது ஒழுங்காக வந்தது.

இனி அந்த ஒரு நட்சத்திரம் போன கதை. பச்சை வலையைத் தெருப் பக்கம் மட்டும் கட்டினார். தண்ணீர் தெளிப்பது நான் நின்றால்தான் நடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் துணி காயப்போட முடியாமல் தவித்தார்கள். இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. பின்பக்கம் ஓர் உறைகிணறு இருந்தது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் மாடித் தண்ணீரை அதில் விடுவதாகத்தான் வரைபடமே போட்டிருந்தோம். ஒரு நாள் காலையில் போனால் அந்த இடம் சமதரை. ராத்திரி ஷிப்டில் லாரிக் கூலி மிச்சம் என்று ரப்பிஷைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். கிணத்தைக் காணோம் என்று நான் போனில் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நல்லவேளை, வேலை தொடங்கும் முன்பே அவரிடம் 50,000 ரூபாய் டெபாசிட் வாங்கியிருந்தேன். முனகிக்கொண்டே ஆள் இறக்கி, வாளி வாளியாக மேலே எடுத்தார். உறை ஒன்று உடைந்திருந்ததற்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவரைக் கூப்பிடலாமா என்று கேட்டால், தாராளமாகக் கூப்பிடலாம். கடைக்கால், பொதுச் சுவர், கிணறு மூன்றையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். ஐப்பசிக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். தளம் போன பிறகு மழை பிடித்துக்கொண்டால் சுண்ணாம்புச் சுவர் ஊறிவிடும், அதன் பக்கத்தில் ஆளை நிறுத்தி வேலை வாங்க முடியாது.