யெல்லோஸ்டோன் ஏரிக்கரைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர், கோடை விடுமுறைக்கு யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி வரை விமானத்தில் வந்து, அங்கே ஓர் ஆர்.வி. வாகனத்தை (உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வீட்டு வாகனம்) வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் செல்கிறார்கள். அவ்வாறு செல்லவிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் முன்பதிவு செய்த வாகனத்தை வாடகை நிறுவனம் தரவில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் தந்த வாகனத்தை, நாங்கள் இடம் பிடித்து வைத்திருந்த முகாமில் உள்ளே விடவே மாட்டார்கள். போதாக்குறைக்கு, மலையின் உயரத்தால் ஏற்பட்ட கோளாறுக்கும் எங்கள் வைப்புத் தொகையிலேயே கைவைத்தார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்த ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்று விளங்க, அந்த இடத்தின் விதி ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்திலிருந்து 7,733 அடி உயரத்தில் இருக்கிறது. ஏரியிலிருந்து யெல்லோஸ்டோன் ஆறு புறப்படும் இடத்துக்கு அருகில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. முகாம் உள்ளது. (பெயரில் மீன்பிடிப்பு இருந்தாலும், அந்தப் பாலத்தின் மேல் நின்று மீன் பிடிப்பது 1973 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.) மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் பூங்காவுக்குள் இந்த ஒரு முகாமில் மட்டுமே கிடைக்கின்றன. ஆனால் இது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி. ஆகவே இங்கே கூடாரம் அடிக்க அனுமதியில்லை, சுவர்கள் முழுவதும் கெட்டியான பொருளால் ஆன வாகனங்களுக்கு மட்டுமே இடம். மடித்து விரிக்கும் கேன்வாஸ் பகுதி கொண்ட டிரெய்லரையும் அவர்கள் கூடாரத்தைப் போலவே கருதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் பதிவு செய்திருந்தது நான்கு பேர் உறங்கக்கூடிய, கெட்டிச் சுவர் கொண்ட மோட்டார்ஹோம். எந்த முகாமுக்குப் போகிறோம் என்பதையும் பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். வாகனத்தைப் பெறச் சென்ற அன்று, எங்களுடையது பழுதுபார்க்கப் போயிருப்பதாகச் சொல்லி, ஒரு பிக்கப் டிரக்கையும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லரையும் காட்டினார்கள். அந்த டிரெய்லரின் நடுப்பகுதி கெட்டியானது. இரு முனைகளிலும் உள்ள படுக்கைகள் மட்டும், பெட்டியின் இழுப்பறை போல வெளியே விரிந்து, கேன்வாஸ் துணியால் மூடப்பட்டிருந்தன. ஒப்பந்தத்தில் ‘அல்லது அதற்கு நிகரான வாகனம்’ என்று ஒரு வரி இருக்கிறது, இதிலும் நான்கு படுக்கைகள் இருக்கின்றன, ஆகையால் இது நிகரானதே என்பது அவர்கள் வாதம். வாடகையில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை. ஃபிஷிங் பிரிட்ஜில் இதை அனுமதிப்பார்களா என்று என் மனைவி நேரடியாகக் கேட்டதற்கு, மேசையில் இருந்தவர் சற்றும் தயங்காமல் அனுமதிப்பார்கள் என்றார். அந்தப் பதிலை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் மனைவி கையால் எழுதி, அதன் கீழே அவரிடமே சுருக்கொப்பமும் வாங்கி, பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பின்னர் எங்களைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமின் பதிவு அலுவலகத்தில் இருந்த பெண்மணி டிரெய்லரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு, ஆனால் உறுதியாக மறுத்துவிட்டார். கேன்வாஸ் படுக்கைகளை விரிக்காமலேயே உள்ளே நெருக்கிப் படுத்துக்கொள்கிறோம் என்றதையும் ஏற்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரடிக்குத் துணியும் தகரமும் ஒன்றல்ல என்பதை அவர் ஒவ்வொரு கோடையிலும் பலருக்கு விளக்கிச் சொல்லியிருப்பார். வாடகை நிறுவனங்கள் இந்த வகை டிரெய்லரை இங்கே அனுப்புவது புதிதில்லை என்றும் அவர் சொன்னார். எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது அப்போதுதான்.

ஜூலை மாதத்தில் பூங்காவின் முகாம்கள் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். நல்லவேளையாக, ஏரியின் மேற்குக் கரையில் உள்ள கிராண்ட் வில்லேஜ் முகாமில் யாரோ ரத்து செய்த இடம் கிடைத்தது. அங்கே கூடாரமும் கேன்வாஸும் அனுமதிக்கப்படுகின்றன, ஆனால் மின் இணைப்பு கிடையாது. உயரமான இடத்தில் மின் இணைப்பு இல்லாத ஆர்.வி. படும் பாட்டைச் சமவெளியில் பழகியவர்களால் எளிதில் ஊகிக்க முடியாது. காற்று மெலிந்திருப்பதால், பெட்ரோல் ஜெனரேட்டரின் திறன் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 முதல் 4 விழுக்காடு வரை குறைகிறது. ஏரியின் உயரத்துக்கு வரும்போது ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அந்த ஜெனரேட்டரையும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் இயக்கலாம். ஜூலையிலும் இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்கக்கூடிய இடம் அது. வெப்பமூட்டி புரோப்பேன் எரிவாயுவில் எரிந்தாலும், சூட்டைப் பரப்பும் விசிறி மின்கலத்தில்தான் ஓடுகிறது. கேன்வாஸ் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருந்ததால் விசிறி ஓயாமல் ஓடி, விடிவதற்கு முன்பே மின்கலம் தீர்ந்துபோனது. பிள்ளைகள் இருவரும் இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு டிரக்கின் பின் இருக்கையில் உறங்கினார்கள்.

குளிர்பெட்டியின் கதை வேறு. மின்சாரம் இல்லாதபோது அது எரிவாயுச் சுடரால் இயங்கும். எவ்வளவு உயரத்திலும் அது வேலை செய்யும் என்று நிறுவனத்தார் உறுதி கூறியிருந்தார்கள். ஆனால் டிரெய்லருக்குள் அவர்களே வைத்திருந்த குளிர்பெட்டியின் கையேட்டில், 5,500 அடிக்கு மேல் எரிவாயுவில் இயக்கினால் குளிர்ச்சி குறையலாம், சுடர் அணைந்துபோகலாம், ஆகவே மின்சாரத்தில் இயக்குவது நல்லது என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. சுடர் அப்படியே மறுபடி மறுபடி அணைந்தது. பாலும் தயிரும் இட்லி மாவும் கெட்டுப்போயின. கரடிப் பகுதியில் கெட்ட உணவைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிவரை சுமந்து சென்று போட்டோம். மணம் வீசும் எதையும் கேன்வாஸ் டிரெய்லருக்குள் இரவில் வைக்கக் கூடாது என்பதால், மீதியிருந்த உணவு முழுவதும் ஒவ்வொரு மாலையும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்கு மாறியது.

வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சரி என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். ஊர் திரும்பிய பிறகு வைப்புத் தொகையில் மூன்று பிடித்தங்கள் தெரிந்தன. குளிர்பெட்டியின் எரிவாயுச் சுடர் எரியும் பகுதியைப் பழுதுபார்த்தது என்று ஒன்று, கேன்வாஸ் கிழிசலுக்கு என்று ஒன்று, ஜெனரேட்டர் ஓடிய கூடுதல் மணிகளுக்கு என்று ஒன்று. அந்தக் கிழிசல் நாங்கள் வாகனத்தைப் பெற்ற நாளில் எடுத்த காணொளியிலேயே ஒட்டுப் போட்ட நிலையில் இருக்கிறது. ஜெனரேட்டரின் மணிக் கணக்கை வாங்கும்போதும் காட்டவில்லை, கொடுக்கும்போதும் காட்டவில்லை.

கடன் அட்டையில் பணம் செலுத்தியிருந்ததால் வங்கி வழியாக முறையிட முடிந்தது. 1974ஆம் ஆண்டின் நியாயமான கடன் கணக்குச் சட்டத்தின்படி, பிடித்தம் இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபிக்க வேண்டும். டெபிட் அட்டைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது. வங்கிக்கு நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த நகலில், மனைவி கையால் எழுதிய இரண்டாம் பக்கம் மட்டும் இல்லை! எங்கள் படத்தையும் கையேட்டின் பக்கத்தையும் காணொளியையும் அனுப்பிய பின்னர், குளிர்பெட்டிக்கும் கிழிசலுக்கும் பிடித்த பணம் திரும்பியது. இரு வாகனங்களுக்கும் இடையிலான வாடகை வேறுபாட்டையும், வீணான ஃபிஷிங் பிரிட்ஜ் முன்பதிவின் பணத்தையும் கேட்டு யூட்டா மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் கொடுத்த புகாருக்கு இன்னும் முடிவு வரவில்லை.

இந்த வழியில் செல்வோர், ‘கெட்டிச் சுவர் வாகனம் மட்டுமே, மாற்று வாகனமும் அவ்வாறே இருக்க வேண்டும், இல்லையேல் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்ற வரியைப் பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். ஜெனரேட்டரின் மணிமானியைப் பெறும்போதும் கொடுக்கும்போதும் படம் எடுங்கள். விளம்பரப் படங்களையும் நம்ப வேண்டாம். எங்களுக்குத் தந்த அதே டிரெய்லர், ‘யெல்லோஸ்டோனுக்கு ஏற்றது’ என்ற வரியோடு அவர்களுடைய பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. படுக்கைகளை உள்ளே மடித்து மூடிய நிலையில் படம் எடுத்திருப்பதால், அதில் துணியே இல்லாததுபோலத் தோன்றுகிறது.