ஐந்து மாரி கண்ட பிடங்கு

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் காவலுக்கு அப்பா வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு (துப்பாக்கி), இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. குழலில் குறையில்லை. தோளில் அணைக்கும் வால்நட் மரப் பிடங்குதான் காவல் வாடியின் புகையும் வியர்வையும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. அதை இரண்டு முறை புதுப்பித்தேன். முதல் முறை செய்தது முழுப் பிழை.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு வார்னிஷ் பூசினேன். ஒரு மாதம் கண்ணாடியாய் மின்னியது. மாரியில் மரம் ஈரம் குடித்து உப்பியது. கச்சான் காற்றில் காய்ந்து சுருங்கியது. இறுகிய படலம் அதற்கு ஈடுகொடுக்காமல் வெடித்தது. வெடிப்புக்குள் புகுந்த நீர் வெள்ளைத் திட்டாய் நின்றது. அந்த ஓரிடத்தை மட்டும் திருத்தினால் ஒட்டுப்போட்டது தெரியும் என்பதால் முழுவதையும் சுரண்டினேன்.

அடுத்தது ஆளிவிதை எண்ணெய். துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டுப் பிடங்கைக் கழற்றினேன். பிடங்கில் விழுந்திருந்த குழிகள்மேல் ஈரத்துணி விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார் ஆவி குடித்து எழும்பும். மூன்றில் இரண்டு எழும்பின. நார் அறுந்திருந்த மூன்றாவது இன்றும் அப்படியே இருக்கிறது. பிறகு 180, 240, 320 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் அரத்தாள். நடுவில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, எழும்பும் மயிர்நார்களை மீண்டும் தேய்க்க வேண்டும். தச்சு வேலை தெரிந்த மாமா, "மருமகன், இரும்போடு சேரும் விளிம்பைத் தேய்த்தீரோ, மரம் தாழ்ந்து இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும்" என்றார். அந்த ஒரு சொல் பிடங்கைக் காப்பாற்றியது.

எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்தேன். நாளுக்கு ஒரு பூச்சு, மொத்தம் பத்து. தடித்துப் பூசினால் பலாப்பால் போல ஒட்டும். கார்த்திகை மழையில் ஒரு முறை பூசிப் பார்த்து அந்தப் பசையோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம். ஆனி, ஆடியே இதற்கு ஏற்ற காலம்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டேன். மாலையில் தொட்டால் சுட்டது. இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வரும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். இப்போது துணியைக் கொடியில் விரித்துவிடுகிறேன், அல்லது நீர் வாளியில் போடுகிறேன்.

ஐந்து மாரி போய்விட்டது. எண்ணெய் நீரைத் தடுக்கிறது என்று சொல்லமாட்டேன். துளியைத் துடைக்காமல் விட்டால் தடம் விழுகிறது. நிறமும் கறுத்து வருகிறது. மாரிக்கு முன் ஆண்டுக்கொரு பூச்சும் கேட்கிறது. மணம் வீட்டுக்காரிக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் கீறல் விழுந்தால் இரண்டு துளி விட்டு உள்ளங்கையால் தேய்த்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறந்தேன். தோளில் படும் தகட்டுக்கு அடியில் உள்ள வெட்டுமுகம்தான் மரத்திலேயே அதிகம் ஈரம் குடிக்கும் இடம். அதற்கு எண்ணெயே காட்டவில்லை. மூன்றாம் ஆண்டு அங்கே மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. இப்போது தகட்டைக் கழற்றி முதல் பூச்சை அங்கேதான் கொடுக்கிறேன். வெடிப்பு அதற்குமேல் நீளவில்லை.