ஹவுஸா, ஹோமா?

தமிழில் இரண்டுமே வீடுதான். ஆனால் ஆங்கிலத்தில் அதிகம் ஊர் சுற்றியது ஹவுஸ். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவை ஒரு ஹவுஸ். அரச குடும்பமும் ஹவுஸ்தான். அந்தக் குடும்பத்துக்கு விண்ட்சர் என்ற பெயரை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1917-இல்தான் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் 'ஆன் த ஹவுஸ்' என்று கடைக்காரர் சொன்னால், பர்ஸை உள்ளே வைத்துவிடலாம். சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் வளர்ந்த நடன இசைக்கும் ஹவுஸ் என்றே பெயர். நம்ம தியேட்டர் வாசலில் தொங்கும் 'ஹவுஸ்ஃபுல்' பலகையில் ஹவுஸ் என்பது அரங்கம்.

ஹோம் இவ்வளவு அலையாது. அது மனசோடு ஒட்டிய சொல். வாடகை கேட்டு வருபவரை ஹவுஸ் ஓனர் என்போம். ஹோம் ஓனர் என்று நம்மூரில் யார் சொல்கிறார்கள்? சொந்த மண்ணில் ஆடினால் ஹோம் மேட்ச். அப்புறம், "அப்பாவை ஹோம்ல விட்டிருக்காங்க" என்று யாராவது சொன்னால், அது வீடே இல்லை.