அம்மாவின் நெபுலைசர்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் அம்மாவுக்கு வயது 69. கவுந்தப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் கொப்பரை அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளியவர். வீட்டிலும் அண்மைக்காலம் வரை விறகடுப்புதான். பீடியையோ சிகரெட்டையோ அவர் தொட்டதே இல்லை என்பதால், ஈரோட்டில் நெஞ்சக நோய் மருத்துவர் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ‘சி.ஓ.பி.டி.’, அதாவது மூச்சுக்குழாய்கள் நாட்பட்டுச் சுருங்கி மூச்சு முட்டும் நுரையீரல் நோய் என்று சொன்னபோது நாங்கள் திகைத்துப் போனோம். மருத்துவர் முதலில் கேட்டது அடுப்பைப் பற்றித்தான். பல ஆண்டுகள் விறகுப் புகையைச் சுவாசித்தவர்களுக்கும், குறிப்பாகச் சமைக்கும் பெண்களுக்கும், இந்த நோய் வரும் என்று அன்றுதான் அறிந்தோம்.

முதலில் கொடுத்தது கையால் அழுத்தும் இன்ஹேலரும், அதில் மாட்டி மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குடுவையும். ஸ்பேசர் வைத்து முறையாக இழுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே, திரவ மருந்தைப் பனிபோலாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர் கருவிக்கு நிகராக வேலை செய்யும் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வளைந்திருப்பதால் அழுத்த முடியவில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் இழுத்து நிறுத்தவும் முடியவில்லை. அதனால்தான் வீட்டுக்கு நெபுலைசர் வாங்கினோம். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பதற்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கியது கம்ப்ரஸர் வகைக் கருவி. ஈரோட்டில் ஒரு மருத்துவ உபகரணக் கடையில் 1,850 ரூபாய். மோட்டார் தள்ளும் காற்று, மருந்துக் கிண்ணத்தின் அடியிலுள்ள மிக நுண்ணிய துளை வழியாகப் பாய்கிறது. அந்த வேகத்தில் மருந்து மேலே இழுக்கப்பட்டு, தடுப்பில் மோதிச் சிதறிப் பனிபோல வெளியே வருகிறது. ஐந்து மைக்ரானுக்குக் குறைவான துளிகள்தான் நுரையீரலின் உட்கிளைகள் வரை செல்லும். பெரியவை தொண்டையிலேயே தங்கிவிடும். ஆகவே அந்தத் துளையும் தடுப்பும் அடைபடாமல் இருப்பதுதான் இந்தக் கருவியின் உயிர். இதை நான் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். மூச்சுக்குழாயை விரிக்கும் லெவோசால்பியூட்டமாலும் இப்ராட்ரோபியமும் கலந்த ரெஸ்பியூல் (ஒரு வேளை மருந்து அடைத்த சிறு பிளாஸ்டிக் குப்பி) ஒன்று எட்டு முதல் பத்து நிமிடங்களில் முடிகிறது. மருந்து தீரும் தறுவாயில் கிண்ணம் விட்டுவிட்டுச் சீறும். அப்போது விரலால் லேசாகத் தட்டினால் சுவரில் ஒட்டிய துளிகள் இறங்கும். எவ்வளவு தட்டினாலும் கொஞ்சம் மருந்து அடியில் மிஞ்சத்தான் செய்யும். அது எல்லாக் கிண்ணங்களுக்கும் உரிய இயல்பு. முதல் வாரத்தில் அம்மா, “நெஞ்சு மேல இருந்த கல்ல எறக்கி வெச்சாப்பல இருக்குது கண்ணு” என்றார். மருந்துக்குப் பின் சிறிது நேரம் கை நடுங்குவதும் படபடப்பு வருவதும் உண்டு. அதை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறோம்.

பெட்டியில் முகமூடியும் வாயில் கவ்வும் குழலும் இரண்டுமே இருந்தன. நெபுலைசர் போடுவதை எங்கள் ஊரில் ‘புகை வைப்பது’ என்பார்கள்; அதற்கு முகமூடிதான் என்று நினைக்கிறார்கள். ஆனால் முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மருந்து கண்ணில் படும். இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யும். அம்மாவுக்கு அந்த நோயும் இருப்பதால் நாங்கள் வாய்க்குழலையே பயன்படுத்துகிறோம். மருத்துவர் சொல்லும் நாட்களில் புடசோனைடும் வைப்பதுண்டு. அது ஸ்டீராய்டு மருந்து. முடித்தவுடன் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் படியக்கூடும்.

இனி குறைகள். இரைச்சல் அதிகம், விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால் வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும். மின்கம்பி குட்டையானது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, உள்ளே வைத்திருந்த செய்முறைத் தாள். அது ஆங்கிலத்தில் மட்டும், எறும்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. சுத்தம் செய்வது பற்றிய பகுதி கடைசிப் பக்கத்தின் மூலையில் இருந்தது. தமிழ்நாட்டில் விற்கும் ஒரு மருத்துவக் கருவிக்கு அரைப்பக்கம் தமிழில் எழுதுவது ஒரு நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய செலவாகிவிடும்? கடைக்காரரும் மாட்டிக் காட்டினாரே தவிர, கழுவிக் காட்டவில்லை.

அதன் விளைவை நான்காம் மாதத்தில் பார்த்தோம். கருவியின் பக்கவாட்டில் கிண்ணத்தை வைப்பதற்கென்று மூடியுடன் ஓர் அறை உண்டு. ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை அலசி, ஈரத்தோடு அந்த அறையில் போட்டு மூடிவிடுவோம். சுத்தமாக இருப்பதாகவே நினைத்தோம். அம்மாவுக்குச் சளி கூடி, மஞ்சளும் பச்சையுமாக மாறி, காய்ச்சலோடு ஐந்து நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. மருத்துவர் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். கழற்றி முகர்ந்தபோது பூசண வாடை அடித்தது. உள்தடுப்பின் விளிம்பில் வழுவழுப்பாக ஒரு படலம் இருந்தது. அந்தத் தொற்று அதிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகக் கூற முடியாது, வேறு வழியிலும் வந்திருக்கலாம் என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். ஆனாலும் ஈரமான இடத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் எளிதில் குடியேறும். கிண்ணத்தில் இருப்பது எதுவோ அதைத்தான் கருவி நுண்துளியாக்கி நேரே நுரையீரலுக்குள் அனுப்பும். அம்மா மூச்சு விட முடியட்டும் என்று வாங்கிய பொருளையே நான் அப்படி வைத்திருந்தேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அதன்பின் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கிண்ணத்தைத் தொடுகிறோம். ஒவ்வொரு முறை புகை வைத்தபின்னும் மிஞ்சிய மருந்தைக் கொட்டி, கிண்ணம், தடுப்பு, வாய்க்குழல் மூன்றையும் தனித்தனியே கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி அலசுகிறோம். நாளுக்கு ஒரு முறை, இரவில், அவற்றைத் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கிறோம். எங்கள் கிண்ணத்தைக் கொதிக்க வைக்கலாம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. எல்லாக் கிண்ணங்களும் தாங்கா, சில நெளிந்துவிடும் என்பதால் அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். முகமூடியைக் கொதிக்க வைக்கக் கூடாது. வினிகரில் ஊற வைத்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். வினிகர் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை என்பதால் நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். டம்ளரில் வைத்தாலே வெள்ளை வளையம் படியும். அதில் கொதிக்க வைத்த சில வாரங்களில் கிண்ணத்தின் துளையில் வெள்ளைப் படிவு சேர்ந்து, பத்து நிமிட மருந்து இருபது நிமிடமாகியும் தீரவில்லை. ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய மனம் வரும். செய்யக் கூடாது, துளை பெரிதானால் துளியும் பெரிதாகிவிடும். இப்போது கொதிக்க வைக்க ஆற்றுத் தண்ணீரை மட்டுமே எடுக்கிறோம். இன்னொன்று, மருந்தின் அளவைக் கூட்ட எந்தத் தண்ணீரையும் கிண்ணத்துக்குள் ஊற்றக் கூடாது. மருத்துவர் சொன்னால் கிருமி நீக்கிய சலைன் மட்டும்தான்.

கழுவுவதைப் போலவே காய வைப்பதும் முக்கியம். பாகங்களை நன்றாக உதறி, துவைத்துக் காய்ந்த காடாத் துணியின் மேல் பரப்பி, இன்னொரு துணியால் மூடி, அடுப்படியை விட்டுத் தள்ளி வைக்கிறோம். ஐப்பசி மழையில் எளிதில் காயாது. அப்போது டியூபைக் கிண்ணத்தில் மாட்டிக் கருவியைச் சிறிது நேரம் ஓடவிட்டால் துளைக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும். முழுதும் உலர்ந்த பிறகே மூடியுள்ள டப்பாவில் போடுகிறோம். கருவியோடு வந்த அந்த அறையில் காற்றோட்டத்துக்கு ஒரு துளைகூட இல்லை. வடிவமைத்தவர்கள் செய்த பெரிய பிழை என்று அதைத்தான் சொல்வேன்.

டியூபைக் கழுவக் கூடாது. உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. வியர்த்திருந்தால் வெறும் டியூபோடு இரண்டு நிமிடம் ஓடவிடுகிறோம். காற்று ஃபில்டர் வட்டமான சிறு பஞ்சு. எங்கள் வீதித் தூசியில் இரண்டே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. அதைக் கழுவிப் போடாமல் மாற்றிவிட வேண்டும். மாற்று ஃபில்டர் உள்ளூர் மருந்துக் கடையில் கிடைக்காமல் ஈரோட்டுக்கே போக வேண்டியிருந்தது. கிண்ணத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறோம்.

மின்வாரியப் பராமரிப்பு நாட்களில் காலை ஒன்பதுக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் கருவி ஓடுகிறது. அதில்லாத வீட்டில் ஸ்பேசரையும் இன்ஹேலரையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும், நுண்வலை வழியே மருந்தைத் துளியாக்கும் மெஷ் வகை சத்தமில்லாதது, பயணத்துக்கு ஏற்றது. விலை கூடுதல், வலை எளிதில் அடையும், எங்கள் தண்ணீருக்கு அதை நம்ப எனக்குத் துணிவில்லை.

மீண்டும் வாங்குவதானால் கம்ப்ரஸர் வகையையே வாங்குவேன். ஆனால் கடையிலேயே கிண்ணத்தைக் கழற்றி மாட்டச் சொல்லி, அம்மாவின் விரல்களுக்கு அது எளிதாக வருகிறதா, ஃபில்டரும் கிண்ணமும் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்த பின்பே பணம் கொடுப்பேன். இன்னொரு கிண்ணத்தையும் அப்போதே வாங்கிவிடுவேன். ஒன்று காயும்போது மற்றொன்று கைக்கு உதவும். மருத்துவர் எழுதியதற்கு மேல் கூடுதலாக ஒரு தடவை தேவைப்பட்டாலே வீட்டில் வைத்துப் பார்க்காமல் கிளம்பி வரும்படி சொல்லியிருக்கிறார். மருத்துவரின் எண்ணையும் ஆட்டோக்காரரின் எண்ணையும் கருவியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.