பரளிக்காட்டுப் பரிசலும் அத்திக்கடவுக் குளியலும்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வருபவர்களுக்கு ஆற்றுக் குளியல் அமைவது தேதியைப் பொறுத்த விஷயம். சிங்கப்பூரில் ஆண்டு நடுவிலான பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில்தான் கேரளத்தைத் தொடும். மழை வலுக்கும் முன் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான், கோவைப் பக்கம் குழந்தைகளை நம்பி ஆற்றில் இறக்க ஏற்றவை. ஜெர்மனியில் இருக்கும் அக்கா குடும்பத்துக்கு ஆகஸ்டில்தான் விடுமுறை. அப்போது பவானி செம்மண் கலங்கி ஓடும். பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த முறை மச்சான் இரண்டு இடங்களில் பதிவு செய்து வைத்திருந்தார். முதலாவது ஒரு தனியார் கூடார முகாம். பெயர் வேண்டாம். விளம்பரப் படத்தில் கூடார வாசலிலேயே ஆறு ஓடியது. போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு தென்னந்தோப்பு, அதைத் தாண்டிக் கம்பி வேலி, அதற்கும் அப்பால் ஆறு. இறங்க அனுமதி இல்லை. பதிலுக்கு நீச்சல் குளம், ரெயின் டான்ஸ், நள்ளிரவு வரை ஸ்பீக்கர். கூடாரங்களைச் சிமெண்ட் தளத்தில் அடித்திருந்தார்கள். பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் இரவில் முதுகுக்குத் திருப்பிக் கொடுத்தது. அத்தை உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "நான் கார்லயே படுத்துக்கறேன்" என்று போய்விட்டார். கழிப்பறை மட்டும் சுத்தம், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் குடும்பங்களுக்கென்றே நடத்தும் இடத்தில் குழந்தைகள் அளவில் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லாததை என்னவென்று சொல்வது?

இரண்டாவது பரளிக்காடு. வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. காரமடை, வெள்ளியங்காடு தாண்டி, சோதனைச் சாவடி கடந்து மலைப்பாதையில் போக வேண்டும். கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை. பில்லூர் அணையின் தேக்கத்தில் பரிசல், மதியம் சாப்பாடு, அப்புறம் அத்திக்கடவில் பவானிக் குளியல். ஒரே நாளில் முடிகிற இந்த ஏற்பாட்டைத்தான் குழந்தைகளுடன் வருபவர்களுக்குச் சொல்வேன். கூடாரத்தில் படுத்தால்தான் ஆற்றோடு இருந்ததாகக் கணக்கா என்ன?

பரிசலில் ஏறும் முன் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். வார்களைப் பரிசல்காரரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். நடுத் தேக்கத்தில் என் மகள் படம் எடுக்க எழுந்தபோது, "எந்திரிக்காத கண்ணு, ஒரு பக்கமா சாஞ்சுரும்" என்றார். அதட்டல் இல்லை, ஆனால் அவள் உடனே உட்கார்ந்துவிட்டாள். கரையில் யானைத் தடங்களைக் காட்டினார். யானை வரவில்லை, அதில் பெரியவர்களுக்கு நிம்மதி, சிறுவர்களுக்கு ஏமாற்றம்.

சாப்பாடு அங்குள்ள பெண்களின் சமையல். ராகிக் களியும் கீரையும் கோழிக் குழம்பும் எங்கள் இலையில் முதலில் காலியானவை. சிங்கப்பூரில் வளர்ந்த எங்கள் பையன் களியை மென்று தின்னப் பார்க்க, பரிமாறிய அம்மா சிரித்துக்கொண்டே விழுங்கக் கற்றுக்கொடுத்தார்.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஸ்விம்சேஃபர் என்ற சிங்கப்பூர் நீச்சல் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருப்பார்கள், குளத்தில் மீன் மாதிரி போவார்கள். குளத்துத் தரை சமமானது, ஆழம் சுவரில் எழுதியிருக்கும், தண்ணீர் யாரையும் இழுக்காது. ஆற்றிலோ முழங்கால் ஆழத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் கழுத்தளவு இருக்கலாம். பாசி பிடித்த பாறையில் வெறுங்கால் நிற்காது; செருப்பும் ஓட்டத்தில் போய்விடும். பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் காலணி போதும். உடன் வந்தவர்கள் காட்டிய இடத்தைத் தாண்டி யாரையும் போக விடவில்லை. அந்தக் கண்டிப்புக்காகவே இன்னொரு முறை போகலாம்.

பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியில் சிறுவாணியையும் சேர்த்துக்கொண்டு இங்கே வருகிறது. மேலே எங்கோ மழை கொட்டினால், நமக்கு வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். நிறம் மாறினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பேசிக்கொண்டிருக்காமல் கரையேற வேண்டும். அணைக்குக் கீழே மேட்டுப்பாளையம் பக்கம் இறங்குபவர்களுக்கு வேறொரு கணக்கு: பில்லூரின் உயரம் 100 அடி, நீர்மட்டம் 97 அடியை எட்டினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்தச் செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

சோப்பு, ஷாம்பு கொண்டுபோக வேண்டாம். கோவை குடிக்கும் தண்ணீரில் பில்லூர்த் தண்ணீரும் உண்டு. மாற்றுத்துணி ஆளுக்கு ஒரு செட் அதிகமாக இருக்கட்டும். காட்டுக்குள் கைபேசி சிக்னலை நம்பக் கூடாது. வழக்கமான மருந்து, குழந்தைக்கான பால் எல்லாம் காரமடையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

இரவு தங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பூச்சமரத்தூரில் பவானிக் கரையில் வனத்துறையின் தங்கும் விடுதி இருக்கிறது. அதற்கும் முன்பதிவு வேண்டும், எனவே விமான டிக்கெட் போடும்போதே ஊரில் ஒருவரைக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.