நெபுலைசர்: மோட்டார் தேறிவிட்டது, கப்தான் கழுத்தை அறுக்கிறது

மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற நெபுலைசர் மிஷினை வாங்கியவர்கள் இணையத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் பாதிப் பேர் சத்தத்தைத்தான் திட்டியிருப்பார்கள். மீதிப் பேர், சொன்ன தேதிக்கு டெலிவரி வந்தது என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஐப்பசி மழையில் நாலு நாள் வீசிங்குக்கு வைத்துவிட்டுப் பரணில் ஏற்றுகிற வீட்டுக்கு அவ்வளவு போதும். எங்கள் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக சிஎஃப்; நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தேங்குகிற, பிறவியிலேயே வரும் மரபணு நோய். காலையிலும் மாலையிலும் மிஷின் ஓடியாக வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதற்கு லீவு கிடையாது. அவள் பேசப் பழகிய வயதில் வாங்கியது. இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், இன்னும் அதே மிஷின்தான்.

போன வாரம் அது பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதே நேரத்தில், மகனுக்கு சிஎஃப் என்று அண்மையில் உறுதியான ஒரு தங்கை, "அக்கா, நீங்க வச்சிருக்கிறதையே வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. பிஸ்டன் கம்ப்ரசர் வகை. மருந்துக்கடை அலமாரியில் வெள்ளை டப்பாவாக உட்கார்ந்திருக்குமே, அந்த ஜாதி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் உழைப்பாளி. மதுரை வெயிலில், கரண்ட் போனால் இன்வெர்ட்டரில், செக்கப்புக்கு வேலூர் போனால் லாட்ஜ் அறையில், எங்கே வைத்தாலும் ஓடியது. சத்தம் உண்டுதான். ஆனால் அந்தச் சத்தம் எங்களுக்கு உபகாரம். மருந்து தீரும்போது, அதை ஊற்றுகிற கப்புக்குள் சடசடவென்று ஒலி மாறும். அடுப்படியிலிருந்தே "முடிஞ்சிடுச்சு, ஆஃப் பண்ணு" என்று குரல் கொடுக்கலாம். சத்தமில்லாத மிஷினில் இந்த வசதி இல்லை.

மோட்டாரில் ஒரே குறை, அதன் அடியில் பொடி எழுத்தில் ஒட்டியிருக்கிற வாசகம்: 20 நிமிடம் ஓட்டம், 40 நிமிடம் ஓய்வு. எந்தக் கடைக்காரரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வீசிங் குழந்தைக்கு இது பிரச்சினையே இல்லை. சிஎஃப் குழந்தைக்குக் கணக்கு இடிக்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து முதலில், அப்புறம் ஹைப்பர்டானிக் சலைன், அதாவது அடர்த்தியான உப்புத் தண்ணீர், 4 மில்லி. இரண்டையும் மிஷினில் கொடுத்தால் இருபது நிமிடம் தாண்டிவிடும், பள்ளி வேனும் போய்விடும்.

இந்த உப்புத் தண்ணீர் எதற்கென்று புதிதாக வருகிற பெற்றோர் எல்லோரும் கேட்பார்கள். சிஎஃப்டிஆர் என்கிற புரதம் சரியாக வேலை செய்யாததால் குளோரைடு செல்லை விட்டு வெளியே வர முடிவதில்லை. மூச்சுக்குழாயின் உள்பக்கம் ஈரம் குறைந்து, சளி கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. உப்பு அங்கே போனால் தண்ணீரை இழுத்து அதை இளக்குகிறது. ஆஸ்திரேலியாவில் கடலலையில் சர்ஃபிங் செய்த சிஎஃப் நோயாளிகளுக்கு நெஞ்சு தெளிவாக இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். 2006இல் அங்கே நடந்த ஆய்வு வெளியானது: 7% கரைசலை நாளுக்கு இரண்டு வேளை இழுத்தவர்களுக்கு நெஞ்சுத் தொற்று முற்றுவது குறைந்தது. கடல் நீரில் உப்பு சுமார் 3.5%தான், அப்படியென்றால் இது அதைப் போல் இரு மடங்கு கரிப்பு. தொண்டை எரியும், இருமல் வரும், சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கவும் செய்யும். அதனால்தான் முன்னாடியே சால்பியூட்டமால், அந்த மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து.

மிஷின் ஓய்வுப் பிரச்சினைக்கு எங்கள் டாக்டர் ஒரு வழி சொன்னார். சால்பியூட்டமாலை இன்ஹேலரில், ஸ்பேசர் என்கிற குழல் டப்பாவை வைத்துக் கொடுத்துவிட்டு, மிஷினை சலைனுக்கு மட்டும் ஓட்டச் சொன்னார். அதிலிருந்து காலை நேரம் கட்டுக்குள் வந்தது. உங்கள் பிள்ளைக்கு எது, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்னுடையதைக் காப்பி அடிக்காதீர்கள்.

மிஷினின் முதுகை உடைத்தது ஆன்டிபயாடிக் மாதம். சளியைக் கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுத்ததில் சூடோமோனாஸ் என்கிற கிருமி வந்தது, மிஷினில் வைக்க டோப்ராமைசின் என்கிற ஆன்டிபயாடிக் 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, 28 நாள். சலைன் முடிந்து, சளியெல்லாம் வெளியேற்றிய பிறகு கடைசியாகத்தான் அதைக் கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். மோட்டார் தொட முடியாத சூட்டுக்குப் போனது. கோர்ஸ் முடிந்தது, கிருமியும் போனது. ஆனால் அதற்குப் பிறகு புகை மெலிந்துகொண்டே வந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "மோட்டாரே மாத்தணும்" என்று, புது மிஷினுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தொகை சொன்னார்கள். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தெருமுனை மிக்ஸி கடை அண்ணனிடம் கொண்டுபோனார். அவர் திறந்து பார்த்து, பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது, காற்று கசிகிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். கூலி முந்நூறு ரூபாய் சொச்சம். இப்போது புதுசு மாதிரி ஓடுகிறது. மோட்டாருக்குக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இனி கப்.

நெபுலைசரில் மருந்தைப் புகையாக்குவது மோட்டார் இல்லை. மோட்டார் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று கப்பின் அடியில் ஊசிமுனை அளவு துளை வழியாகப் பாயும்போதுதான் மருந்தை மேலே இழுத்துத் துளியாகச் சிதறடிக்கிறது. அந்தத் துளி 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். அதைவிடப் பெரிதானால் தொண்டையிலேயே ஒட்டிவிடும். ஆக, பிள்ளையின் நெஞ்சுக்குப் போகிற மருந்தின் தலையெழுத்து அந்தத் துளையின் கையில். டோப்ராமைசின் கரைசலின் அமெரிக்க மருந்துக் குறிப்பில், இந்தக் கப்பில், இந்தக் கம்ப்ரசரில் கொடுங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது: பாரி எல்சி பிளஸ் கப், டெவில்பிஸ் பல்மோ-எய்ட் கம்ப்ரசர். மருந்துக் கம்பெனிக்கே கப்பின் மேல் அவ்வளவு அக்கறை.

எங்கள் மிஷினோடு வந்ததோ ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துத் தூக்கிப் போடுகிற தரத்தில் ஒரு கப், கூடவே ஒரு மாஸ்க். மாஸ்க் வைத்தால் மருந்தில் ஒரு பங்கை மூக்கே வடிகட்டிவிடும். பிள்ளை சொன்னால் கேட்கிற வயது வந்ததும் மவுத்பீஸ் வாங்கினோம், நல்ல முன்னேற்றம். ஆனாலும் கப் சாதா வகைதான். அவள் மூச்சை வெளியே விடும்போதும் புகை வந்துகொண்டே இருக்கும், அது அப்படியே மின்விசிறிக்குப் போகும். மூச்சை உள்ளே இழுக்கும்போது திறந்து, விடும்போது மூடுகிற வால்வு வைத்த கப்புகள் இருக்கின்றன. மிச்சம் பிடிக்கிற மருந்தைப் பார்த்தால் அதுதான் நியாயமான விலை.

அப்புறம் கழுவல். சிஎஃப் வீட்டில் கப்பைச் சும்மா அலசி வைக்க முடியாது. சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி; சிங்க், குழாய், சரியாகக் காயாத கப், எல்லாம் அதற்கு வீடு. ஒவ்வொரு முறையும் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிறகு கிருமி நீக்கி, காற்றில் நன்றாக உலர்த்த வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் என்பது எளிய வழி, ஆனால் கப் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். எங்கள் கப் சில வாரத்தில் மங்கி, வாய் கோணி, கடைசியில் விரிசல் விட்டது. இப்போது பால் புட்டிக்கு வைக்கிற ஸ்டீம் ஸ்டெரிலைசர் வைத்திருக்கிறோம். போட்டுவிட்டு மறந்துவிடலாம், இந்த வீட்டில் வாங்கியதில் திட்டு வாங்காத ஒரே பொருள். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் துளையில் வெள்ளையாகக் கறை படியும். வினிகர் அந்தக் கறையை எடுக்கும். கிருமியைக் கொல்ல வினிகரை நம்பக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் யூடியூபில் வினிகரே போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டியூபைக் கழுவவே வேண்டாம்; உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

மழைக்காலத்தில் கப் காயவே காயாது. இரண்டு வேளைக்கு இரண்டு, ஆன்டிபயாடிக்குக்கு எப்போதும் தனியாக ஒன்று என்று கப் பல வேண்டும். சரி, வாங்கலாம் என்று போனால் ஸ்பேர் கப் தனியாக வருவதில்லையாம். ஆன்லைனில் 'தற்போது கையிருப்பில் இல்லை'. கிடைத்த ஒரு இடத்தில் விலை ஏறியிருக்கிறது, மிஷின் விலையோ இந்த மாதம் குறைந்திருக்கிறது! கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "புது மிஷினே எடுத்திருங்க மேடம், கப் உள்ளேயே இருக்கும்" என்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு பிளாஸ்டிக் கப்புக்காக நன்றாக ஓடுகிற மோட்டாரைக் குப்பையில் போட வேண்டுமாம். இதை டிசைன் செய்தவர் வீட்டில் தினசரி நெபுலைசர் வைக்கிற பிள்ளை நிச்சயம் இல்லை.

ஒரு யோசனை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு சலைன் முடிய வழக்கத்தைவிட நேரம் இழுக்கிறதா? முதலில் கப்பைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் மிஷினின் ஃபில்டர் சாம்பல் நிறமாகிவிட்டதா பாருங்கள், கடைசியாகத்தான் மோட்டார்.

மிஷின் பழுதான நாட்களில் ஒரு மெஷ் நெபுலைசரை, அதாவது சல்லடை மாதிரி ஒரு வலைத்தகட்டின் வழியாக மருந்தைத் துளியாக்குகிற வகையை, இரவல் வாங்கி ஓட்டினோம். கைக்கு அடக்கம், சத்தமே இல்லை, பேட்டரியில் ஓடும், நேரமும் குறைவு. என் மகள் அதைத் திருப்பிக் கொடுக்க அழுதாள். ரயிலில் வேலூர் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் வலைத்தகட்டில் இருக்கிற துளைகள் கண்ணுக்கே தெரியாதவை. ஹைப்பர்டானிக் சலைன் முடிந்த கையோடு அலசாவிட்டால் உப்பு அடைத்துக்கொள்ளும். மாற்றுத் தகட்டின் விலையைக் கேட்ட பிறகு எங்கள் கப் மேல் இருந்த கோபம் பாதி ஆறியது. பாதிதான்.

பணம் செலவில்லாமல் கிடைத்த சந்தோஷம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். சலைன் வைத்துவிட்டு அப்படியே விட்டால் பிரயோஜனம் இல்லை. இளகிய சளி வெளியே வர வேண்டும். பிசியோ மேடம் சொல்லிக் கொடுத்தது குமிழி பாட்டில். ஒரு பாட்டிலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர், அதில் ஒரு டியூப், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. டியூபில் நிதானமாக ஊதினால் தண்ணீரின் எதிர்ப்பு மூச்சுக்குழாயைத் திறந்தே வைத்திருக்கும், அதிர்வு சளியை அசைக்கும். நுரை பொங்கி வழிகிறவரை ஊதுவது அவளுக்கு விளையாட்டு. நடுநடுவே 'ஹஃப்', கண்ணாடியில் ஆவி படிய வைக்கிற மாதிரி வாயைத் திறந்து ஊதுவது. பிறகு இருமுவாள். அத்தை ஆரம்பத்தில், "புள்ள இப்படி இருமுது, ஒரு சிரப் குடுக்கக் கூடாதா?" என்று துடித்துப்போவார். இந்த இருமலை அடக்கக் கூடாது, இதற்காகத்தான் இத்தனை பாடும் என்று புரிந்த பிறகு, இப்போது பக்கத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்து, "துப்பு, துப்பு" என்று உற்சாகப்படுத்துகிறார். சளியின் நிறமோ அளவோ மாறினால், பசி குறைந்தால் எனக்கு முன் கண்டுபிடிப்பதும் அவர்தான்.

"புது மாத்திரை வந்திருக்காமே" என்று யாராவது கேட்பார்கள். வந்திருக்கிறது. மூன்று மருந்து சேர்ந்த அது 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே ஆண்டு விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது கேட்காது என்பது வேறு. நம் கைக்கு எட்டுகிறவரை டப்பாவும் கப்பும் பாட்டிலும்தான்.

சரி, தீர்ப்பு. மோட்டாருக்கு ஐந்துக்கு நாலரை. கப்புக்குப் பூஜ்ஜியம்; அதற்குக் கீழே போட இடமிருந்தால் போட்டிருப்பேன். தங்கைக்கு என் பதில்: இந்த மிஷினை வாங்காதே. நாலரை கொடுத்துவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். கடைக்குப் போனால் மிஷினைக் காட்டச் சொல்லாதே. கொதிக்க வைக்கத் தாங்குகிற, வால்வு வைத்த கப் தனியாக ஸ்டாக் இருக்கிறதா, இன்னும் இரண்டு வருஷம் கழித்தும் கிடைக்குமா என்று கேள். உண்டு என்று காட்டுகிறவர் எந்த டப்பாவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள், தொடர்ச்சியாக எத்தனை நிமிடம் ஓடும் என்று அடியில் பார்த்துவிட்டு. என்னுடையதைப் பாதி விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்காதே. புது சீல் போட்டிருக்கிறேன், கொடுக்கிறதாக இல்லை.